தடையற்ற வணிகம், மூன்று நகல்

கோட்டா காலத்துத் திருப்பூரில் இரண்டு வகை முதலாளிகள் இருந்தார்கள். பனியன் தைத்து ஏற்றுமதி செய்தவர்கள் ஒரு வகை. கோட்டா வைத்திருந்தவர்கள் இன்னொரு வகை. இரண்டாமவருக்கு மெஷின் வேண்டாம், செக்கிங் பெண்கள் வேண்டாம், ஷேடு மாறிவிட்டது என்று சாயப்பட்டறையில் போய்த் தொண்டை கிழியக் கத்த வேண்டாம். முந்தைய ஆண்டுகளில் அனுப்பிய சரக்கின் கணக்கை வைத்து, இந்த ஆண்டு அமெரிக்காவுக்கு இத்தனை ஆயிரம் பீஸ், ஐரோப்பாவுக்கு இத்தனை ஆயிரம் பீஸ் என்று அவர் பெயருக்கு ஒதுக்கீடு வந்துவிடும். கையில் ஆர்டர் இருந்து கோட்டா இல்லாதவன் நவம்பர் மாதம் அவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவான். பீஸுக்கு இவ்வளவு என்று பேசி முடித்தால், தைத்தவனைவிடத் தைக்காதவருக்கு லாபம் கூட நிற்கும். அது தடைகள் நிறைந்த இருண்ட காலம் என்று பிற்பாடு கருத்தரங்குகளில் சொன்னார்கள். திண்ணை வைத்திருந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் அப்போது ஒரு ஏற்றுமதி கம்பெனியில் டைப்பிஸ்ட். டைப்ரைட்டிங் ஹையர் தேறிய சான்றிதழைத் தவிர வேறு தகுதி கிடையாது. 'டைப்பிஸ்ட் புள்ள' என்றுதான் கூப்பிடுவார்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஆடை ஏற்றுமதி வளர்ச்சிக் கழகமான ஏ.இ.பி.சி.க்குப் போகும் கோட்டா விண்ணப்பம், வரிச்சலுகைக்கான ஃபார்ம் ஏ எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஃபார்ம் ஏ என்பது பச்சைக் கோடுகள் நெருக்கமாகப் பின்னிய தாள். கள்ளப் பிரதி எடுக்க முடியாதபடி அப்படி அச்சடிப்பார்களாம். அதில் ஒரு எழுத்தை அழித்துத் திருத்தினாலும் ஹாம்பர்க் துறைமுகத்தில் சரக்கை இறக்கவிட மாட்டார்கள் என்று ஷிப்பிங் பார்த்த அண்ணன் என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தார். ஹாம்பர்க் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அங்கே ஓர் ஆள் நான் டைப் அடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு முறைத்துக் கொண்டிருக்கிறான் என்பது மட்டும் தெரியும்.

இன்றைக்கு அதே ஊரில் என்னை 'எஃப்.டி.ஏ. மேடம்', அதாவது தடையற்ற வணிக ஒப்பந்த மேடம், என்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு சில கம்பெனிகளுக்குப் பகுதி நேரமாக டாக்குமென்ட் பார்த்துக் கொடுக்கிறேன். வேலை மாறவில்லை. இந்தச் சட்டை இந்தியாவில்தான் பிறந்தது என்று தாளில் நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். சம்பளம் என்ற பெயர் போய் கன்சல்டன்சி ஃபீஸ் என்று ஆகியிருக்கிறது. தடையற்ற வணிகம் உலகத்துக்கு என்ன செய்தது என்பதைப் பொருளாதாரம் படித்தவர்கள் சொல்லட்டும். டைப்பிஸ்ட்டுகளுக்கு நல்லதே செய்தது.

கோட்டா வந்த கதை எளிது. ஆசியாவில் மலிவாகத் தைத்து அனுப்பினால் தங்கள் ஊர் ஆலைகள் மூடிப்போகும் என்று பணக்கார நாடுகளுக்குப் பயம். 1974இல் மல்டி ஃபைபர் ஒப்பந்தம் வந்தது. எந்த நாடு எத்தனை அனுப்பலாம் என்று ரகம் ரகமாக அளந்து வைத்தார்கள். 338, 339 என்றால் அமெரிக்காவுக்குப் போகும் பருத்தி நிட் சட்டை, ஆணுக்கு ஓர் எண், பெண்ணுக்கு ஓர் எண். ஐரோப்பா டீ-ஷர்ட் என்றால் கேட்டகரி 4. பேரக்குழந்தைகளின் பிறந்த நாளை மறந்தாலும் இந்த எண்கள் மறப்பதில்லை. தாற்காலிக ஏற்பாடு என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். முப்பது ஆண்டு ஓடியது. ஒவ்வொரு டிசம்பர் கடைசி வாரமும் திருப்பூரில் யாரும் தூங்க மாட்டார்கள். 31ஆம் தேதிக்குள் அனுப்பாத கோட்டா காலாவதி. கெடு நீட்டிப்பு வேண்டுமென்றால் பேங்க் கேரண்டி கட்ட வேண்டும். அயர்ன் சூடு ஆறாத சட்டையைப் பெட்டியில் அடைத்துத் தூத்துக்குடிக்கு லாரி ஏற்றுவார்கள்.

1994 ஏப்ரலில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் உருகுவே சுற்று என்ற வணிகப் பேச்சின் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்தானபோது, துணிக் கோட்டாவைப் பத்தாண்டில் படிப்படியாகக் கரைத்துவிடுவதாகப் பணக்கார நாடுகள் ஒப்புக்கொண்டன. 'படிப்படியாக' என்பதை அவர்கள் அவர்களுக்குத் தோதாகப் புரிந்துகொண்டார்கள். முதல் படிகளில் கரைத்ததெல்லாம் யாருக்கும் கோட்டா நெருக்கடி இல்லாத சரக்குகள். பனியனும் சட்டையும் கடைசிப் படிக்குத் தள்ளப்பட்டன, அதாவது 2005 ஜனவரி 1க்கு.

அந்த நாளுக்கு முன்னால் ஊரில் நடந்த கருத்தரங்குகளுக்குக் கணக்கில்லை. ஏ.சி. அரங்கு, ஓவர்ஹெட் புரொஜெக்டர், மேல்நோக்கிப் போகும் அம்புகள், இடைவேளையில் முந்திரி பக்கோடா. ஒரு கருத்தரங்கில் கேள்வி நேரத்தில் எங்கள் முதலாளி எழுந்து, "ஏனுங்க, நமக்குக் கதவு தெறந்தா சீனாக்காரனுக்கும் தெறக்குமல்லங்க?" என்று கேட்டார். டெல்லியிலிருந்து வந்திருந்த நிபுணர் ரொம்ப முக்கியமான கேள்வி என்று பாராட்டிவிட்டு அடுத்த தாளைப் புரொஜெக்டரில் வைத்தார்.

கதவு திறந்தது. 2005 கோடையில் ஐரோப்பியத் துறைமுகங்களில் சீனத்துச் சட்டையும் உள்ளாடையும் கோடிக்கணக்கில் தேங்கி நின்றன. கோட்டாவை எடுத்த கை ஈரம் காய்வதற்குள், ஐரோப்பாவும் அமெரிக்காவும் சீனாவுக்கு மட்டும் சில ஆண்டுகளுக்கு மறுபடி வரம்பு கட்டின. அந்த இடைவெளியில் எங்களுக்கும் ஆர்டர் வந்து சேர்ந்தது. தடையற்ற வணிகத்தின் முதல் பலனை நாங்கள் சாப்பிட்டது அடுத்தவனுக்குப் போட்ட தடையின் தயவில்.

வரம்பு இருந்தவரை வரியைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. வரம்பு போனதும்தான் பக்கத்து இலையைப் பார்த்தோம். பின்தங்கிய நாடுகள் ஆயுதம் தவிர எதை அனுப்பினாலும் வரி கிடையாது என்று ஐரோப்பா 2001லேயே சொல்லியிருந்தது. அந்தப் பட்டியலில் வங்கதேசம் இருந்தது. எங்கள் டீ-ஷர்ட்டுக்கு வரி 12 விழுக்காடு. ஃபார்ம் ஏ காட்டினால் 9.6. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு டைப் அடித்த பச்சைத் தாளின் மதிப்பு ஆகமொத்தம் 2.4 விழுக்காடு. 2011 முதல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வங்கதேசம் எந்த நாட்டுத் துணியை வாங்கித் தைத்தாலும் சலுகை உண்டு. நாம் துணியையும் இங்கேயே நிட்டிங் செய்திருந்தால்தான் அந்த 2.4 கிடைத்தது. யார் எத்தனை அனுப்பலாம் என்ற பழைய பேச்சு போய், யார் யாரோடு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்ற பேச்சு ஊரில் தொடங்கியது அப்போதுதான்.

நமக்கும் ஒரு பெரிய ஒப்பந்தம் இருந்தது. 2004 ஜனவரியில் இஸ்லாமாபாத் சார்க் மாநாட்டில் ஏழு நாடுகள் சாஃப்டாவுக்குக் கையெழுத்திட்டன. 2006இல் நடைமுறைக்கும் வந்தது. தெற்காசியாவே ஒரே சந்தை என்று தலையங்கங்கள் எழுதினார்கள். ஒரே சந்தையில் அந்த நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவிலேயே நின்றுபோயிற்று. 2014இல் காத்மாண்டுவில் கூடிய தலைவர்கள் அதற்குப் பிறகு கூடவே இல்லை. 2016 மாநாடு மறுபடி இஸ்லாமாபாத்தில் நடப்பதாக இருந்து ரத்தானது. 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் சரக்குக்கு இந்தியா 200 விழுக்காடு வரி போட்டது. ஒப்பந்தத்தை யாரும் ரத்து செய்யவில்லை. முறிப்பதற்கும் ஒரு கூட்டம் கூட்ட வேண்டுமே.

திருப்பூருக்கு சாஃப்டா தெரிந்தது ஒரே ஒரு வழியில். 2011இல் இந்தியா வங்கதேச ஆடைகளுக்கு வரியை எடுத்துவிட்டது. சீனத் துணியை டாக்காவில் தைத்து நம் ஊர்ச் சந்தைக்கே கொண்டுவருகிறார்கள் என்று பின்னலாடைக்காரர்கள் புகார் மேல் புகார் எழுதினார்கள். சிலவற்றை டைப் அடித்ததே நான்தான். ஐரோப்பாவில் எங்களுக்கு வரியில்லா நுழைவு வேண்டும் என்று காலையில் ஒரு மனு, வங்கதேசத்துக்கு வரியில்லா நுழைவு கூடாது என்று மாலையில் ஒரு மனு. இரண்டுக்கும் முதல் பத்தி ஒன்றுதான். மாற்றி அடிக்க வேண்டியிருக்கவில்லை. 2025 மே மாதத்தில் வங்கதேச ஆடைகள் தரைவழியாக வரக்கூடாது, நவசேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டும் வரலாம் என்று இந்தியா அறிவித்தது. இப்போது வரிச்சலுகை இருக்கிறது, லாரிக்குத்தான் வழியில்லை.

இலங்கையோடு 1998 டிசம்பரில் போட்டு 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் இன்னொரு பாடம். இலங்கை ஆடைகள் ஆண்டுக்கு 80 லட்சம் உருப்படிவரை சலுகையில் வரலாம் என்றார்கள். ஆனால் பெரும்பகுதி இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட துறைமுகங்களில்தான் இறங்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. கோட்டாவை ஒழித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நாமே உட்கார்ந்து எழுதிய கோட்டா அது. மிளகுக் கதை அதைவிடச் சுவை. வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கை மிளகாக மறுபிறவி எடுத்து, சலுகை வரியில் இந்தியாவுக்கு வருகிறது என்று குடகிலும் கேரளத்திலும் கூச்சல். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் கீழே மிளகு இறக்குமதி கூடாது என்று அரசு விலை கட்டியது. ஒரு பொருள் எங்கே பிறந்தது என்று தாளில் சொல்வது எவ்வளவு பெரிய கலை என்பதை அந்த மிளகுதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

2015 வாக்கில் ஊரைக் கலக்கியது டி.பி.பி. பசிபிக் கடலைச் சுற்றியுள்ள பன்னிரண்டு நாடுகளின் ஒப்பந்தம். இந்தியா அதில் இல்லை. இருந்தும் டீக்கடை வரை அதே பேச்சு, ஏனென்றால் வியட்நாம் இருந்தது. அமெரிக்காவில் நம் பருத்தி டீ-ஷர்ட்டுக்கு 16.5 விழுக்காடு வரி; வியட்நாமுக்கு அது கரைந்து போகும் என்றார்கள். உலக வணிக விதிகளைச் சீனா எழுத விடக்கூடாது, நாம்தான் எழுத வேண்டும் என்று ஒபாமா வெளிப்படையாகவே பேசிக்கொண்டிருந்தார். துணிக்கு எழுதிய விதியில் அந்த நோக்கம் பச்சையாகத் தெரிந்தது. நூல் திரிப்பதிலிருந்து தையல்வரை எல்லாம் பன்னிரண்டு நாட்டுக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும். வியட்நாமோ நூலையும் துணியையும் பெரும்பாலும் சீனாவிலிருந்து வாங்கித் தைத்துக்கொண்டிருந்தது.

மறுபடியும் கருத்தரங்கு. இப்போது பவர்பாயின்ட். பக்கோடா அதே பக்கோடா. வியட்நாம் வரைபடத்தில் சிவப்பு வட்டங்கள். திருப்பூருக்குப் பத்தாண்டுதான் ஆயுள் என்று ஒருவர் சொன்னார். ஐந்து என்று அடுத்தவர் திருத்தினார். சில முதலாளிகள் ஹோ சி மின் நகரத்துக்கு விமானம் ஏறி இடம் பார்த்துவிட்டே வந்தார்கள். 2016 பிப்ரவரி 4 அன்று ஆக்லாந்தில் பன்னிரண்டு நாடுகளும் கையெழுத்துப் போட்டன. 2017 ஜனவரி 23 அன்று, பதவியேற்ற மூன்றாம் நாள், டிரம்ப் இன்னொரு கையெழுத்துப் போட்டு வெளியே வந்துவிட்டார். விதியை எழுதியவர்கள் போய்விட்டார்கள், விதி மட்டும் இருந்தது.

மீதிப் பதினொரு நாடுகளும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கா கேட்டு வாங்கியிருந்த பிரிவுகளில் இருபத்திரண்டை ஓரமாக வைத்துவிட்டு, 2018 மார்ச்சில் சாண்டியாகோவில் மறுபடி கையெழுத்துப் போட்டன. ஆள் குறைந்ததை ஈடுகட்டுவதற்காகவோ என்னவோ, 'விரிவான, முற்போக்கான' என்று பெயரை மட்டும் நீட்டினார்கள். 2021 செப்டம்பரில் அதில் சேர மனுப் போட்டது யார்? சீனா. ஒரு வாரத்துக்குள் தைவானும் போட்டது. 2024 டிசம்பரில் பிரிட்டன் சேர்ந்துவிட்டது. பசிபிக் ஒப்பந்தத்தில் பிரிட்டனா என்று பேரனின் அட்லஸை எடுத்துப் பார்த்தேன். லண்டன் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. வியட்நாம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டி.பி.பி. இல்லாமலேயே அமெரிக்காவுக்கு அது அனுப்பிய சரக்கு 2016க்கும் 2024க்கும் இடையில் மூன்று மடங்குக்கு மேல் ஆயிற்று. ஒப்பந்தம் வந்தால் திருப்பூர் அழியும் என்றவர்கள், ஒப்பந்தம் செத்ததால் வியட்நாம் அழியும் என்று சொல்லவில்லை. அது அவர்களுடைய சாமர்த்தியம்.

ஆர்செப் ஒப்பந்தத்தின் கதைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. ஆசியான் பத்து நாடுகள், சீனா, ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா: பதினாறு. 2012இல் கம்போடியாவின் புனோம் பென் நகரில் தொடங்கிவைத்தார்கள். அப்போது டெல்லியில் காங்கிரஸ் ஆட்சி. ஏழு ஆண்டு பேசினார்கள். கடைசிக் கட்டம் நெருங்க நெருங்க எதிர்ப்பு ஏறியது. சீனச் சரக்கு வெள்ளமாக வரும், நியூசிலாந்துப் பால் பவுடர் வந்து நம் ஊர்க் கறவை மாட்டுக்காரர்களை ஒழித்துவிடும் என்றார்கள். அமுல், சுதேசி ஜாக்ரண் மஞ்ச், கம்யூனிஸ்ட் விவசாயச் சங்கங்கள், தொடங்கிவைத்த காங்கிரஸ் என்று இத்தனை பேர் ஒரே பக்கம் நின்று அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரிலேயே இரண்டு கட்சி. ஏற்றுமதிக்காரர்களில் சிலர் சேர வேண்டும் என்றார்கள். உள்நாட்டுக்கு ஜட்டி பனியன் போடுகிறவர்கள் சேர்ந்தால் செத்தோம் என்றார்கள். இரண்டு தரப்புக்கும் துணி ஒரே நிட்டிங் கம்பெனியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் பிரதமர் மோடி, சேர முடியாது என்று சொல்லிவிட்டார். கடைக்கோடி மனிதனை நினைத்துப் பார்க்கச் சொன்ன காந்தியின் வார்த்தையைக் காரணமாகச் சொன்னார். ஊருக்கு ஊர் இனிப்பு. வெற்றி எங்களால்தான் என்று ஆளுங்கட்சியும் சொன்னது, எதிர்க்கட்சியும் சொன்னது. அடுத்த மாதமே ஜெனீவாவில் உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு, புதிய நீதிபதிகளை நியமிக்க அமெரிக்கா விடாததால் செயலற்றுப் போனது. அதற்கு எந்த ஊரிலும் இனிப்புக் கொடுக்கவில்லை, எந்த ஊரிலும் அழவும் இல்லை. மீதிப் பதினைந்து நாடுகள் 2020 நவம்பர் 15 அன்று, கொரோனா காலம் என்பதால், அவரவர் தலைநகரத்தில் ஒரு மேசை போட்டு, காமிராவைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டன. உலகத்தின் மிகப் பெரிய வணிக ஒப்பந்தம் வீடியோ காலில் முடிந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஆசியானோடு 2010 முதலே நமக்குத் தனி ஒப்பந்தம் இருக்கிறது. கொரியாவோடும் அதே ஆண்டு. ஜப்பானோடு 2011. ஆஸ்திரேலியாவோடு 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பால் பவுடரால் பயமுறுத்திய நியூசிலாந்தோடும் 2025 டிசம்பரில், பாலை வெளியே வைத்துவிட்டு, பேச்சு முடிந்தது. கூட்டிப் பாருங்கள். பதினைந்தில் பதினான்கு. விட்டுப்போனது சீனா ஒன்றுதான். அந்தச் சீனாவோடு நமக்குள்ள வணிகப் பற்றாக்குறை 2019-20இல் ஏறத்தாழ 4,900 கோடி டாலர். 2024-25இல் ஏறத்தாழ 9,900 கோடி. வெள்ளம் வரும் என்று பயந்து வாசலை அடைத்தோம், அது கொல்லைப்புறமாக இரட்டிப்பாக வந்து சேர்ந்தது. வெளியே வந்தது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. சேர்ந்திருந்தால் மூன்று மடங்கு ஆகியிருக்குமோ என்னவோ. சேர்ந்திருந்தால் திருப்பூருக்குப் பொற்காலம் என்று இன்றும் சொல்கிற நிபுணர்களிடம், டி.பி.பி. ஸ்லைடுகளை வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

பெரிய கூட்டு ஒப்பந்தம் தள்ளிப்போய்ச் சின்னச் சின்னதாகப் போட்டதில் முழு லாபம் என் தொழிலுக்குத்தான். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனித் தனிப் பிறப்பிட விதி. ஓரிடத்தில் துணி நிட்டிங் செய்திருக்க வேண்டும், இன்னோரிடத்தில் மதிப்பில் இத்தனை விழுக்காடு உள்ளூரில் சேர்ந்திருக்க வேண்டும், வேறோரிடத்தில் இரண்டும். ஜகதீஷ் பகவதி என்ற பொருளாதாரப் பேராசிரியர் இதை 1995லேயே ஸ்பகெட்டி கிண்ணம் என்று கேலி செய்தார். கொங்குநாட்டில் பிறந்திருந்தால் சந்தகை என்றிருப்பார். எந்த இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தட்டைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. இறக்குமதி பக்கமும் விட்டுவைக்கவில்லை. 2020 செப்டம்பர் முதல் கரோட்டார் விதிகள் வந்திருக்கின்றன. சலுகை வரியில் ஜிப்போ பட்டனோ கொண்டுவருகிறவர், அந்த நாட்டுச் சான்றிதழ் இருந்தாலும், அது அங்கேதான் தயாரானது என்பதற்கான விவரத்தைத் தானும் கையில் வைத்திருக்க வேண்டும். பச்சைத் தாள் போய்விட்டது. இப்போது எல்லாம் இணையத்தில், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி. டோக்கன் வேலை செய்யாத நாளில் ஹாம்பர்க் அண்ணனின் குரல் காதில் கேட்கிறது. எல்லாம் ஏற்றி முடித்து பிடிஎஃப் வந்த பிறகு, நான் டாக்குமென்ட் பார்க்கும் கம்பெனியின் சின்ன முதலாளி சொல்வார், "மேடம், எதுக்கும் மூணு பிரின்ட் எடுத்து ஃபைல்ல போட்டுருங்க."

உலகத்தில் மற்றவர்கள் நிலைமையும் இதைவிட ஒழுங்காக இல்லை. தென் அமெரிக்காவின் மெர்கோசூர் நாடுகளும் ஐரோப்பாவும் 1999இல் ஒப்பந்தம் பேச உட்கார்ந்தவர்கள். இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகும் பிரெஞ்சு விவசாயிகள் டிராக்டரில் வந்து மறித்தார்கள். கனடா, மெக்சிகோவோடு அமெரிக்கா போட்டிருந்த நாஃப்டாவை மோசமான ஒப்பந்தம் என்று தூக்கியெறிந்து புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் டிரம்ப். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே கனடா, அதே மெக்சிகோ மீது 2025இல் 25 விழுக்காடு வரி அறிவித்தவரும் அவர்தான். அந்தப் புது ஒப்பந்தத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. அதற்குப் பதினாறு ஆண்டுதான் ஆயுள். ஆறாம் ஆண்டு, அதாவது 2026 ஜூலையில், மூன்று நாடுகளும் கூடித் தொடரலாமா என்று பேச வேண்டும். மல்டி ஃபைபர் காலத்தில் தாற்காலிகம் என்று சொல்லி முப்பது ஆண்டு ஓட்டினார்கள். இப்போது நிரந்தரம் என்று சொல்லவே யாருக்கும் துணிவில்லை.

2025 ஆகஸ்ட் எங்கள் ஊருக்கு அந்தப் பழைய டிசம்பரைத் திருப்பிக் கொடுத்தது. அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு முதலில் 25, ரஷ்ய எண்ணெய்க்காக இன்னொரு 25, ஆக 50 விழுக்காடு என்றது. வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் 20. திருப்பூர் ஏற்றுமதி ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாயை ஒட்டி. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. ஆகஸ்ட் 27க்கு முன் கப்பலில் ஏறி, செப்டம்பர் 17க்கு முன் அங்கே கணக்கில் சேர்ந்த சரக்குக்கு இரண்டாவது 25 கிடையாது என்று ஒரு சின்னப் பிரிவு இருந்தது. ஊரே அந்தப் பிரிவை மனப்பாடம் செய்தது. இரவு ஷிஃப்ட், செக்கிங் பெண்களுக்குப் பரோட்டாப் பொட்டலம், தூத்துக்குடிக்கு வரிசையாக லாரி. சின்ன முதலாளிக்கு இது புது அனுபவம். "இப்படியெல்லாம் நடக்குமுங்களா மேடம்?" என்று கேட்டார். நடக்கும் என்றேன். அந்த வரி எண் அதற்குப் பிறகும் மாறிக்கொண்டே இருக்கிறது. நான் இப்போதெல்லாம் அதைப் பென்சிலில் எழுதி வைக்கிறேன்.

மிச்சமிருப்பது ஐரோப்பா. 2007இல் பேச்சு தொடங்கியபோது, இரண்டு வருஷத்தில் முடிந்துவிடும் என்று ஏ.சி. அரங்கில் கைதட்டினார்கள். காரும் ஒயினும் குறுக்கே வந்து 2013இல் நின்றுபோனது. 2022இல் மறுபடி உட்கார்ந்தார்கள். 2026 ஜனவரி 27 அன்று டெல்லியில், பேச்சு முடிந்தது என்று அறிவித்தார்கள். துணிமணிக்கு வரி முழுவதும் போகும் என்றார்கள். அறிவிப்புக்குப் பிறகு சட்ட வாசகம் சரிபார்க்க வேண்டும், ஐரோப்பாவின் இருபத்துநான்கு மொழிகளில் பெயர்க்க வேண்டும், கையெழுத்து, பிறகு ஐரோப்பிய நாடாளுமன்றம். அதற்கெல்லாம் மாதக்கணக்கு ஆகும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே சின்ன முதலாளி புது நிட்டிங் மெஷினுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார். மெஷின் சீனத்து மெஷின்.

அறிவிப்பு வந்த அந்த வாரத்திலேயே ஐரோப்பிய பையர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. முதல் வரியில் வாழ்த்து. இரண்டாவது வரியில், உங்கள் சரக்குக்கு இனி வரி இருக்காது என்பதால் அடுத்த சீசன் விலையில் அந்த மிச்சத்தில் பாதியை எங்களுக்குக் குறைத்துப் போட்டு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்று நான் பதில் தயார் செய்தேன். சின்ன முதலாளி அதைப் படித்துவிட்டு, "அப்புடிச் சொன்னா ஆர்டர் டாக்காவுக்குப் போயிருங்க மேடம்" என்றார். பாதி முடியாது, மூன்று விழுக்காடு குறைக்கலாம் என்று அவரே டைப் அடித்து அனுப்பினார். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. நான்கு என்று.